பக்கத்து வீட்டையும் அளக்க வேண்டும்: கொத்துக் குலுக்கல் களச் சோதனைக்கு ஒரு வழிகாட்டி

2004 கடைசியில் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் டைபாய்டு தடுப்பூசிச் சோதனை ஒன்று தொடங்கியது. பகுதியை 80 கொத்துகளாக, அதாவது அக்கம்பக்க வீடுகளின் கூட்டங்களாகப் பிரித்து, எந்தக் கொத்துக்கு எந்த ஊசி என்று குலுக்கல் போட்டார்கள். 40 கொத்துகளுக்கு டைபாய்டு ஊசி, மற்ற 40 கொத்துகளுக்கு ஹெபடைடிஸ் ஏ ஊசி. இரண்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் போடலாம் என்று அறிவித்தார்கள். போட்டுக்கொண்டவர்கள் மொத்தம் 37,673 பேர், அதாவது பத்துக்கு ஆறு பேர். இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில் டைபாய்டு ஊசி போட்டவர்களில் 34 பேருக்கும், மற்ற ஊசி போட்டவர்களில் 96 பேருக்கும் டைபாய்டு வந்தது. பாதுகாப்பு 61 சதவீதம். அது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் வேறொரு எண்ணில் இருந்தது. டைபாய்டு ஊசிக் கொத்துகளில் ஊசியே போட்டுக்கொள்ளாதவர்களுக்கும் 44 சதவீதப் பாதுகாப்பு கிடைத்திருந்தது.

ஆளாளுக்குக் குலுக்கல் போட்டிருந்தால் இந்த 44 கண்ணில் பட்டிருக்காது. ஊசி போட்டவரால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நோய் குறைகிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஒப்பீட்டுக் குழு. ஆகவே இருவருக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கி, நல்ல ஊசி சுமாரான ஊசியாகத் தெரிந்திருக்கும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். பிரான்ஸில் படித்துவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு வேலை தேடித் தரும் திட்டம் ஒன்றை 235 வேலைவாய்ப்பு அலுவலகப் பகுதிகளில் சோதித்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், உதவி பெற்றவர்களுக்கு நிலையான வேலை கூடுதலாகக் கிடைத்திருந்தது. ஆனால் அதே பகுதியில் உதவி பெறாத இளைஞர்கள், திட்டமே நுழையாத பகுதி இளைஞர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஆதாயத்தில் ஒரு பங்கு வரிசையில் பக்கத்தில் நின்றவரிடமிருந்து வந்தது. வேலைச் சந்தை மந்தமாக இருந்த இடங்களில் இது அதிகம். பன்னிரண்டு மாதத்தில் அந்த ஆதாயமும் கரைந்துவிட்டது. ஓர் ஊருக்குள் மட்டும் ஒப்பிட்டிருந்தால் திட்டம் அமோக வெற்றி என்று அறிக்கை போயிருக்கும்.

தன்னார்வ அமைப்பிலோ அரசுத் துறையிலோ ஆராய்ச்சி மாணவராகவோ முதல்முறை இப்படிப்பட்ட சோதனையை வடிவமைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: நீங்கள் அளக்க விரும்பும் ஒவ்வொரு விளைவுக்கும் எந்த இரண்டு கூட்டத்தாரை ஒப்பிடுவீர்கள் என்பதைக் குலுக்கலுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பிறகு தேடினால் அந்தக் கூட்டத்தில் ஒன்று உங்கள் சோதனையில் இருக்கவே இருக்காது.

எந்த இரண்டு கூட்டம்?

ஒரு தாளில் இதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நேரடி விளைவு: திட்டம் போன கொத்துக்குள் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வித்தியாசம். கசிவு விளைவு: திட்டம் போன கொத்தில் பெறாதவருக்கும், திட்டமே போகாத கொத்தில் உள்ளவருக்கும் உள்ள வித்தியாசம். மொத்த விளைவு: பெற்றவருக்கும், திட்டமே போகாத கொத்தில் உள்ளவருக்கும் உள்ள வித்தியாசம். இது முதல் இரண்டின் கூட்டல். ஒட்டுமொத்த விளைவு: திட்டக் கொத்தில் பெற்றவர், பெறாதவர் எல்லோரையும் சேர்த்து, திட்டமில்லாக் கொத்தின் எல்லோரோடும் ஒப்பிடுவது. கொல்கத்தாவில் இது 57 சதவீதம். அங்கே கிடைத்த 61 நேரடி விளைவு அல்ல, மொத்த விளைவு. ஊசியின் வேலையும் அக்கம்பக்கத்தார் போட்டுக்கொண்டதன் வேலையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அறிக்கைகளில் இந்த நான்கையும் குழப்புவது சர்வ சாதாரணம்.

அரசு அதிகாரிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் நான்காவது. மருந்துக் கம்பெனி முதலாவதைக் கேட்கும். யாருக்காகச் சோதனை செய்கிறீர்கள் என்பதை முடிவு செய்தால், பணத்தை எதில் கொட்டுவது என்பதும் தெளிவாகும்.

படி 1: எதன் வழியாகக் கசியும் என்று எழுதுங்கள்

கிருமி, பணம், தகவல், வேலை வரிசை, சந்தை விலை, சில சமயம் வெறும் பொறாமை. உங்கள் திட்டத்தில் எது? எவ்வளவு தூரம் போகும், எத்தனை மாதத்தில் போகும், நல்லதா கெட்டதா? மூன்று நான்கு வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கென்யாவின் புசியா மாவட்டத்தில் எட்வர்ட் மிகுவெலும் மைக்கேல் கிரெமரும் செய்த குடற்புழு மாத்திரைச் சோதனை இதற்கு நல்ல பாடம். புழு முட்டைகள் மலத்தின் வழியே மண்ணுக்கும் நீருக்கும் போய், அங்கிருந்து இன்னொரு குழந்தைக்குப் போகின்றன. அப்படியானால் ஒரே பள்ளிக்குள் பாதிப் பிள்ளைகளுக்கு மாத்திரை, மீதிப் பாதி ஒப்பீடு என்று வைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. அவர்கள் பள்ளியையே அலகாக எடுத்தார்கள். 75 பள்ளிகள், 30,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள், 25 பள்ளிகள் கொண்ட மூன்று பிரிவுகள். முதல் பிரிவுக்கு 1998, இரண்டாவதுக்கு 1999, கடைசிப் பிரிவுக்கு 2001. பள்ளிக்கு வராமல் போவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளிடமும் மாற்றம் தெரிந்தது.

படி 2: எல்லை போடுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. புதிதாக வருபவர்கள் இதைத்தான் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

கசிவின் பெரும்பகுதி கொத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். கொத்து சின்னதாக இருந்தால் திட்டம் போகாத பக்கத்துக் கொத்துக்கும் விளைவு தாண்டும். பிறகு உங்கள் 'சுத்தமான' ஒப்பீட்டுக் கொத்து சுத்தமாக இருக்காது. கொத்து பெரிதாக இருந்தால் எண்ணிக்கை குறையும், கணக்கு கைவிட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. களத்தில் ஒரு வாரம் நடந்து பாருங்கள். எந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடிக்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், வாரச் சந்தைக்கு எந்தெந்த ஊர்க்காரர்கள் வருகிறார்கள், பெண்கள் எந்த ஊரில் கட்டிக்கொடுக்கப்படுகிறார்கள். வருவாய்த் துறை வரைபடம் கைக்கு வசதிதான். ஆனால் சந்தை அதைப் பார்த்துக் கூடுவதில்லை.

எல்லையோரத்தில் கசிவு தாண்டும் என்று பயமிருந்தால் ஓர் உபாயம் உண்டு. கொத்து முழுக்கத் திட்டத்தைக் கொடுங்கள், அளவெடுப்பதை மட்டும் நடுப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொற்றுநோய்ச் சோதனைகளில் இதற்குப் 'பொரித்த முட்டை' வடிவமைப்பு என்றே பெயர். ஆஃப்பாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பகுதிக்கும் மருந்து போகிறது, கணக்கு மஞ்சள் கருவில் மட்டும். செலவு கூடும், ஒப்பீடு சுத்தமாகும்.

பணம் கசியும் திட்டம் என்றால் எல்லை இன்னும் அகலமாக வேண்டும். கென்யாவின் சியாயா கவுண்டியில் கிவ்டைரக்ட்லி அமைப்பு 10,500-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் அளவில் கொடுத்தபோது, 653 கிராமங்களை மட்டும் குலுக்கவில்லை. அவற்றுக்கு மேலுள்ள நிர்வாகப் பகுதிகளையும் குலுக்கினார்கள். சில பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்குக் கிராமங்களுக்கும், சிலவற்றில் மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களுக்கும் பணம் போனது. ஒரு கிராமத்தில் கொட்டிய பணம் அடுத்த கிராமத்துக் கடையில்தான் செலவாகும் என்று முன்கூட்டியே எழுதியிருந்ததால் வந்த வடிவம் அது. பணம் பெறாத குடும்பங்களின் செலவும் கடைகளின் வருமானமும் கூடின. விலைவாசி கிட்டத்தட்ட அசையவில்லை. ஒரு டாலர் உள்ளே போனால் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் சுமார் 2.5 டாலர் அளவு நடமாட்டம் என்று கணக்கிட்டார்கள்.

படி 3: இரண்டு கட்டக் குலுக்கல்

முதல் கட்டத்தில் கொத்துகளுக்குக் குலுக்கல்: இந்தக் கொத்தில் எத்தனை சதவீதம் பேருக்குத் திட்டம்? இதைச் செறிவு என்போம். இரண்டாம் கட்டத்தில் கொத்துக்குள் குலுக்கல்: அந்தச் சதவீதத்தில் யார் யார்?

பிரான்ஸில் ஐந்து செறிவு வைத்தார்கள்: 0, 25, 50, 75, 100. பார்க்க அழகாக இருக்கிறது என்று எல்லோரும் இதையே நகலெடுக்கிறார்கள். 235 பகுதிகள் உங்களிடம் இருந்தால் செய்யுங்கள். 60 கொத்துதான் கையில் என்றால் ஐந்தாகப் பிரிப்பது தற்கொலை, ஒவ்வொரு செறிவிலும் 12 கொத்துதான் மிஞ்சும். கசிவு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கேள்வி என்றால் 0-வும் 50-ம் போதும். திட்டம் பரவப் பரவக் கசிவு கூடுகிறதா குறைகிறதா என்று தெரிய வேண்டுமானால் 0, 33, 67 என்று மூன்று. 100 சதவீதக் கொத்தில் பெறாதவர் என்று எவருமே இருக்கமாட்டார்கள், ஆகவே அது கசிவுக்கு உதவாது. பூச்சியம் இல்லாத வடிவத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அமைப்பின் மேலாளர் "எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துவிடுவோமே" என்பார், நியாயமாகவும் தோன்றும். அதோடு கசிவை அளக்கும் அடிப்படை போய்விடும்.

ஊசி போன்றவற்றில் கொத்துக்குள் குலுக்கல் போட முடியாமல் போகலாம், வருகிறவர்களுக்குப் போடுவதுதான் முறை. அப்போது பெறாதவர்கள் தாங்களாக விலகியவர்கள். பெற்றவரோடு அவர்களை நேராக ஒப்பிடக் கூடாது, இருவரும் வேறு வகை மனிதர்கள். கொல்கத்தாவின் சாமர்த்தியம் இங்கேதான். ஒப்பீட்டுக் கொத்துகளிலும் ஏதோ ஓர் ஊசி போட்டதால் அங்கேயும் போட்டுக்கொண்டவர், விலகியவர் என்று இரண்டு கூட்டம் தானாகப் பிரிந்தது. விலகியவரை விலகியவரோடு ஒப்பிட்டுத்தான் அந்த 44 வந்தது. எந்த ஊசி எங்கே என்று மக்களுக்குத் தெரியாது, அது இன்னொரு லாபம்.

தகுதி வரம்புள்ள திட்டங்களில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு, தகுதியே இல்லாதவர்கள். மெக்சிகோவின் புரோகிரெசா உதவித்தொகை 506 கிராமங்களில் சோதிக்கப்பட்டது, 320-க்கு முதலில், 186-க்குப் பிறகு. உதவி போன கிராமங்களில் தகுதியில்லாத குடும்பங்களின் உணவுச் செலவும் கூடியது. கடன், கைமாற்று என்று பணம் உறவுக்காரர்களிடம் போயிருந்தது. தகுதியில்லாதவர்களையும் ஆரம்பத்திலேயே கணக்கெடுத்திருந்ததால்தான் இது தெரிந்தது.

படி 4: எத்தனை கொத்து, எத்தனை பேர்

ஒரே கொத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். எந்த அளவு என்பதைச் சொல்வது உள்கொத்து ஒட்டுறவு. அதை ரோ என்போம். கொத்துக்கு ம பேர் என்றால், உங்கள் மாதிரி 1 + (ம − 1) × ரோ மடங்கு மதிப்பிழக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு. 40 கொத்து, கொத்துக்கு 30 பேர், ரோ 0.05. மதிப்பிழப்பு 2.45. எனவே 1,200 பேரை அளந்தாலும் கையில் இருப்பது 490 பேரின் பலம்தான். கொத்துக்கு 60 பேராக்கினால் 2,400 பேருக்கு 608 பேரின் பலம். அதற்குப் பதில் 30 பேரோடு 80 கொத்துக்குப் போனால் அதே 2,400 பேருக்கு 980. கொத்தின் எண்ணிக்கைதான் பலம் என்பது இதில் தெரியும்.

கசிவுக்கு இது இன்னும் கொடுமை. அதே 40 கொத்தில் 20-க்குப் பாதிச் செறிவு, 20-க்குப் பூச்சியம். பெறாதவர் கொத்துக்கு 15 பேர், ஒப்பீட்டுக் கொத்திலும் 15 பேர். வழக்கமான 80 சதவீதத் திறன் (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத வரம்பு (இல்லாத விளைவை இருப்பதாக நினைத்துவிடும் வாய்ப்பு). கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய கசிவு சுமார் 0.30 திட்ட விலக்கம் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அளவீடுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அலகு). கொத்துக்குள் ஊரையே அளந்தாலும் 0.20-க்குக் கீழே இறங்காது. கொத்தை 80 ஆக்கினால் 15 பேரோடேயே 0.21. கசிவு நேரடி விளைவில் பாதி இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதைப் பிடிக்க நான்கு மடங்கு மாதிரி வேண்டும். கொல்கத்தாவின் 44 சதவீதத்துக்கு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வீச்சு, 2 முதல் 69 வரை இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். 80 கொத்து, பல ஆயிரம் பேர் இருந்தும் அவ்வளவு அகலம்.

ரோவுக்கு எண் எங்கே கிடைக்கும்? அதே மாநிலத்தில், அதே விளைவை அளந்த பழைய கணக்கெடுப்புத் தரவை எடுத்து நீங்களே கணக்கிடுங்கள். தேர்வு மதிப்பெண்ணுக்கு ரோ பெரிதாக இருக்கும், வீட்டுச் செலவுக்குச் சிறிதாக இருக்கலாம். குத்துமதிப்பாக 0.05 என்று போட்டு நிதி கேட்டு எழுதிவிடாதீர்கள்.

படி 5: பெயர்ப்பட்டியலும் அனுமதியும்

குலுக்கலுக்கு முன் எல்லாக் கொத்திலும், ஒப்பீட்டுக் கொத்து உட்பட, வீட்டுக்கு வீடு பெயர்ப்பட்டியல் எடுங்கள். யார் தகுதியானவர் என்பதை அப்போதே குறியுங்கள். குலுக்கல் முடிந்த பிறகு பட்டியல் எடுத்தால் திட்டம் போன ஊரில் திடீரென்று தகுதியான குடும்பங்கள் பெருகும். அது மனித இயல்பு. ஜிபிஎஸ் புள்ளியும் அப்போதே வேண்டும், தூரத்தை வைத்துக் கசிவைப் பார்க்க அது இல்லாமல் முடியாது.

பெறாதவரை அளப்பதற்குப் பட்ஜெட்டில் தனி வரி போடுங்கள். பணம் தட்டும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். "எதுவும் கொடுக்காத ஆளுக்கு ஏன் ஒன்றரை மணி நேர சர்வே?" என்று கேட்பார்கள். அவர்கள்தான் கசிவு விளைவின் பாதி என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அவர்களிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். கொத்துச் சோதனைகளின் அறநெறிக்கென்று 2012-இல் வந்த ஒட்டாவா அறிக்கை ஊர்த் தலைவரின் அனுமதியையும் தனிநபரின் ஒப்புதலையும் வேறு வேறாகவே பார்க்கிறது, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. கசிவு கெட்டதாக இருக்க வாய்ப்புண்டு என்றால், உதாரணமாக விலை ஏறலாம் என்றால், எந்த நிலையில் சோதனையை நிறுத்துவீர்கள் என்பதையும் அறநெறிக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். இந்தியாவில் மருத்துவச் சோதனை என்றால் 2009 ஜூன் முதல் சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு கட்டாயம். சமூகத் திட்டங்களுக்கு அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் பதிவேடு 2013 முதல் இருக்கிறது.

படி 6: குலுக்கல்

கொத்துகளை வட்டாரம், அளவு, ஆரம்ப நிலை என்று அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்குள் குலுக்குங்கள். ஆர், ஸ்டேட்டா என்று எந்தப் புள்ளியியல் மென்பொருளானாலும் விதை எண்ணை, அதாவது அதே குலுக்கலைத் திரும்பப் பெற உதவும் தொடக்க எண்ணை, கோப்பில் எழுதி வையுங்கள். முடிந்தால் ஊர்க்காரர்கள் முன் சீட்டுக் குலுக்குங்கள். பிறகு வரும் சண்டைகளில் முக்கால்வாசி இதனால் அடங்கும். 33 சதவீதம் என்று வைத்துவிட்டு ஒரு கொத்தில் 14 பேர் இருந்தால் எத்தனை பேர்? நான்கா, ஐந்தா? அந்த முடிவையும் குலுக்கலுக்கு விட்டு, ஒவ்வொருவரும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தரவில் ஒரு நிரலாகச் சேமியுங்கள். குறைந்த செறிவுக் கொத்தில் பெறாதவர் அதிகம், கூடுதல் செறிவுக் கொத்தில் குறைவு. இந்த வாய்ப்பைக் கொண்டு எடை போடாமல் கூட்டிப் பார்த்தால் குறைந்த செறிவின் குரலே ஓங்கும்.

படி 7: பகுப்பாய்வு

ரிக்ரெஷன், அதாவது விளைவைக் காரணங்களோடு இணைக்கும் சமன்பாடு, எளிதுதான். பெற்றாரா, பெறாதவர் என்றால் எந்தச் செறிவுக் கொத்தில் இருக்கிறார், குலுக்கல் அடுக்கு எது, அவ்வளவுதான். ஒப்பீட்டுக் கொத்துதான் அடித்தளம். திட்டப் பிழையை (ஸ்டாண்டர்ட் எரர், உங்கள் மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு) முதல் குலுக்கல் நடந்த மட்டத்தில் கொத்தாக்கிக் கணக்கிட வேண்டும். சியாயா போல மேல்மட்டத்திலும் குலுக்கியிருந்தால் அந்த மட்டத்தில். கொத்துகள் 40-க்கும் குறைவு என்றால் குலுக்கலையே கணினியில் ஆயிரக்கணக்கான முறை திரும்பப் போட்டு, உங்களுக்குக் கிடைத்த எண் அந்தக் கூட்டத்தில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

தூரத்தை வைத்துக் கசிவை அளப்பவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்று கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் திட்டம் பெற்றார்கள் என்பது குலுக்கலால் மட்டும் வருவதில்லை. நெருக்கமான ஊரில் எப்போதும் அந்த எண் பெரிதாகத்தான் இருக்கும். அதே வட்டத்துக்குள் மொத்தம் எத்தனை பேர் என்பதையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும், புசியா ஆய்வு அப்படித்தான் செய்தது. அதே ஆய்வின் கணினிக் கோப்பை 2015-இல் வேறொரு குழு திரும்ப ஓட்டியபோது, அருகிலுள்ள 12 பள்ளிகளை மட்டும் எண்ணும் பிழை ஒன்று வெளியே வந்தது. திருத்தியதும் 3 முதல் 6 கிலோமீட்டர் வரையிலான கசிவு நிற்கவில்லை. 3 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதில் ஆசிரியர்கள் உறுதியாக நின்றார்கள். பெரிய சர்ச்சை ஆனது. தரவையும் கோப்பையும் அவர்கள் பகிர்ந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தூரக் கணக்கு எழுதும்போது இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது அளப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். எட்டாம் மாதத்தோடு நிறுத்தியிருந்தால் பிரான்ஸின் கதை வேறு. குறைந்தது இரண்டு சுற்று வேண்டும், இரண்டாவது சுற்றில் ஊரைவிட்டுப் போனவர்களையும் தேடிப் பிடிக்கப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

முடிவை எழுதும்போது செறிவைச் சேர்த்தே எழுதுங்கள். "கசிவு 44 சதவீதம்" என்று தனியாக எழுதாமல், "பத்துக்கு ஆறு பேர் போட்டுக்கொண்ட, இரண்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் வாய்ப்பளித்த இடத்தில் 44" என்று எழுதுங்கள். காரணம் கராச்சியில் இருக்கிறது. அதே வகை டைபாய்டு ஊசியை அங்கே 120 கொத்துகளில் 2 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு மட்டும் போட்டுப் பார்த்தார்கள். போடாதவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் சேர்த்துப் போட்ட கொல்கத்தாவின் எண்ணை அப்படியே அங்கே கொண்டுபோய்த் திட்டமிட்டிருந்தால், வராத பாதுகாப்பை நம்பி ஊசி வாங்கியிருப்பார்கள்.